எட்டுக் குழாய்களில் நடுவில் இரண்டு

பகல் ஒன்றேகாலுக்கு, ஜன்னல் அவள் நிரப்பிய எட்டுக் குழாய்ப் பட்டையை வாங்கி, துடைத்து, ஒரு திருப்புத் திருப்பி மெஷினுக்குள் வைத்தான். அவள் அதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜன்னல் என்பது ஆய்வகத்தில் அவனுக்கு வைத்த பெயர். நாள் முழுக்க அவன் முகம் அந்தச் சதுரக் கண்ணாடிக்குப் பின்னால்தான் தெரியும். இந்தப் பக்கத்து அறையில் குழாய்களை நிரப்புவார்கள், அந்தப் பக்கத்து அறையில் மெஷின் ஓடும். நடுச்சுவரில் ரொட்டிப் பெட்டி அளவுக்கு ஒரு கதவு. நிரப்புகிறவர் அந்தப் பக்கம் போகக் கூடாது, மெஷின்காரர் இந்தப் பக்கம் வரக் கூடாது. காரணம் இருக்கிறது. மெஷினுக்குள் டி.என்.ஏ.வின் ஒரு சின்னத் துண்டு கோடிக்கணக்கில் பெருகும். அதில் ஒரு தூசி யாருடைய சட்டைக் கையிலாவது ஒட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிட்டால் போதும், நாளைக்கு நிரப்புகிற குழாய்களில் எல்லாம் நேற்றைய நோயாளி வந்து உட்கார்ந்துகொள்வார். அவள் பிரசவ விடுப்பில் இருந்தபோது சுவரில் கதவு வைத்து, இந்த விதியையும் ஒட்டிவிட்டார்கள். அவள் திரும்பி வந்து மூன்று வாரம்தான் ஆகிறது.

"எதுக்குத் திருப்பி வெச்சே?" என்று சுவர் ஸ்பீக்கரில் கேட்டாள்.

"எல்லாத்தையும்தானே திருப்புறேன் அக்கா" என்றான் ஜன்னல். "நீங்க அந்தப் பக்கம் பாத்து நிக்கிறீங்க, நான் இந்தப் பக்கம் பாத்து நிக்கிறேன். உங்க இடது எனக்கு வலது. திருப்பினாத்தான் ஒண்ணாம் குழாய் மெஷின்ல ஒண்ணாம் குழியில உக்காரும். பிள்ளை பெத்து வந்ததுல இதெல்லாம் மறந்துபோச்சா?"

"மூடியில நான் புள்ளி வெச்சிருப்பேனே. ஒண்ணாம் குழாய்க்கு."

"புள்ளியா? இங்க வர்றதையெல்லாம் ஸ்பிரிட் போட்டுத் துடைச்சுத்தான் எடுக்கணும். விதி நாலு. புள்ளி எங்க நிக்கும்?"

அவள் கண்ணாடிக்கு இன்னும் கிட்டே வந்தாள். "டீச்சரோட பட்டை ரெண்டையும் யார் வெச்சா?"

"நான்தான். ரெண்டையும் திருப்பித்தான் வெச்சேன். ஏன்?"

அவள் தன் இடது கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆய்வகத்தில் அவளுக்கு நொட்டாங்கை என்று பெயர். வலது கைக்காரர்கள் பட்டையை இடது ஓரத்தில் இருந்து நிரப்பிக்கொண்டு போவார்கள். நிரப்பிய குழாய்கள் இடது பக்கம் இருக்கும், கை வலது பக்கம் இருக்கும். திறந்திருக்கும் நிரப்பிய குழாயின் மேல் கை நிழல்கூடப் படாது. அவளுக்கு இது நேர்மாறு. அவள் வலது ஓரத்தில் ஆரம்பிப்பாள். பட்டியலில் ஒன்றாம் ஆள் அவளுடைய வலது ஓரத்துக் குழாயில் இருப்பார். முன்பெல்லாம் அவளே எடுத்துப் போய், புள்ளியைப் பார்த்து, சரியாகத் திருப்பி மெஷினில் வைத்துவிடுவாள். பத்து வருஷத்தில் ஒரு முறைகூடப் பிசகியதில்லை.

இப்போது கதவு இருக்கிறது. அவளுடைய வலது ஓரம், எதிரே நிற்கும் ஜன்னலுக்கு இடது ஓரம். அப்படியே வைத்திருந்தால் சரியாக இருந்திருக்கும். அவன் மற்றவர்களுடைய பட்டையைத் திருப்புகிற பழக்கத்தில் இவளுடையதையும் திருப்பியிருக்கிறான். ஒன்றாம் குழாய் எட்டாம் குழிக்குப் போயிருக்கிறது. நான்காவது ஐந்தாவதாகியிருக்கிறது.

வேலைக்குத் திரும்பிய பிறகு, இன்றைய இந்தப் பட்டைக்கு முன்னால் அவள் நிரப்பியது இரண்டே பட்டை. இரண்டும் டீச்சர் குடும்பத்துடையவை.

"இப்ப வெச்சதை வெளியே எடு" என்றாள். "திருப்பாம வை. ஓட்டாதே, நான் சொல்ற வரைக்கும் நிறுத்து."

"அக்கா, உங்க முகம் ஏன் இப்படி ஆயிடுச்சு?"

"டீச்சருக்கு மருந்து எத்தனை மணிக்கு?"

"நாலுன்னு சொன்னாங்க" என்ற பிறகுதான் ஜன்னலுக்கும் உறைத்தது.

டீச்சர் ஐந்தாவது மாடியில் படுத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவர். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் ரத்தப் புற்று. மருந்துகள் அதை இப்போதைக்கு அடக்கி வைத்திருந்தன. இன்று நாலு மணிக்கு ஏற்றப்போகும் மருந்து அவருடைய மஜ்ஜையை அடியோடு அழித்துவிடும். அதன் பிறகு வேறொருவருடைய மஜ்ஜை உள்ளே போய் வேர் பிடித்தால்தான் உயிர். பாதி வழியில் திரும்ப முடியாது.

அந்த வேறொருவர் யார் என்று சொல்வதுதான் ஆய்வகத்தின் வேலை. நம் உடம்பின் ஒவ்வொரு செல்லும் தன் மேல் ஓர் அடையாளத்தை மாட்டிக்கொண்டு திரிகிறது. அந்த அடையாளத்துக்கான எழுத்துகள் டி.என்.ஏ.வில் ஓர் இடத்தில் மொத்தமாக இருக்கின்றன. அப்பாவிடம் அப்படி இரண்டு பிரதிகள், அம்மாவிடம் இரண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. கணக்குப் போட்டால் நாலு விதம். அதனால் கூடப் பிறந்தவர் ஒருவர் முழுதாகப் பொருந்துவதற்கு வாய்ப்பு நாலில் ஒன்று. டீச்சருக்கு ஓர் அண்ணன், ஒரு தம்பி. அண்ணன் முழுப் பொருத்தம், தம்பி பாதிப் பொருத்தம் என்று ஆய்வகம் எழுதிக் கொடுத்திருந்தது. பட்டை திரும்பியிருந்தால் அது தலைகீழ். பாதி மட்டும் பொருந்துகிற அண்ணனின் மஜ்ஜையை முழுப் பொருத்தம் என்று நம்பி ஏற்றினால், அதில் இருந்து பிறக்கும் ரத்த அணுக்கள் டீச்சரின் தோலையும் குடலையும் ஈரலையும் அந்நியம் என்று நினைத்துத் தாக்கும்.

அவள் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு மேடத்தின் அறைக்குப் போனாள்.

ஆய்வகத் தலைவிக்கு ரெட்டை மேடம் என்று பெயர். எதையும் இரண்டாகச் செய்யச் சொல்வார். பேனாகூட இரண்டு வைத்திருப்பார். எட்டுக் குழாய்ப் பட்டையை எப்படி நிரப்ப வேண்டும் என்பது அவர் வகுத்த முறைதான். இரண்டு ஓரங்களிலும் வெறும் தண்ணீர், அதில் ஏதாவது பெருகினால் எங்கோ அழுக்கு சேர்ந்திருக்கிறது என்று தெரியும். அதற்கு உள்ளே இரண்டு பக்கமும், விடை முன்பே தெரிந்த ஒரு மாதிரி. அதற்கும் உள்ளே இரண்டு பக்கமும் நோயாளி. நடுவில் இரண்டு குழாய்களில் தானம் தருகிற இரண்டு பேர். ஒவ்வொன்றுக்கும் மறுபக்கத்தில் ஒரு சாட்சி இருக்கிறது என்று மேடம் பெருமையாகச் சொல்வார்.

அவள் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் மேடம் இரண்டு ரிப்போர்ட்டையும் எடுத்து மேஜையில் வைத்தார்.

"தண்ணீர் சரியா வந்திருக்கு. தெரிஞ்ச மாதிரி சரியா வந்திருக்கு. டீச்சரோடது ரெண்டு பக்கமும் ஒண்ணாவே இருக்கு. பட்டை திரும்பியிருந்தா எங்கேயாவது இடிச்சிருக்கணுமே."

"இடிக்காது மேடம். அதைத்தான் சொல்ல வந்தேன்." அவள் ஒரு தாளை இழுத்து எட்டு வட்டம் போட்டாள். தண்ணீர், தெரிந்தது, டீச்சர், அண்ணன், தம்பி, டீச்சர், தெரிந்தது, தண்ணீர். பிறகு தாளைத் தலைகீழாகத் திருப்பி மேடத்தின் பக்கம் நகர்த்தினாள். "இந்தப் பக்கத்துல இருந்து எண்ணுங்க. எல்லாம் அது அது இடத்துலதான் இருக்கும். நடுவுல ரெண்டு மட்டும் மாறும். நமக்கு வேணுங்கிறது அந்த ரெண்டுதான்."

மேடம் எண்ணினார். விரல் நடுவில் வந்ததும் நின்றது.

"சரி, ஒரு தடவை நடந்திருக்கலாம். ரெண்டாவது தடவை புது ரத்தம் எடுத்துப் பாத்தோமே. அதுவும் அதே பதில்தானே சொல்லுச்சு?"

"ரெண்டையும் நிரப்புனது இந்தக் கை. ரெண்டையும் திருப்புனது அந்தக் கை. ஒருத்தரே ரெண்டு தடவை சொன்னா ரெண்டு சாட்சியாயிடுமா மேடம்?"

மேடத்தின் முகம் சுருங்கியது. "இப்ப நீ சொல்றது ஊகம். நான் வார்டுக்கு போன் பண்ணி நிறுத்துங்கன்னு சொன்னா, அங்க அந்தப் பொண்ணுக்கு ஒவ்வொரு நாளும் கணக்கு. நோய் திரும்பத் தலை தூக்கிச்சுன்னா இந்த வாய்ப்பே போயிடும். வெறும் பயத்துக்காக நிறுத்தச் சொல்ல முடியாது. எனக்கு ஏதாவது காட்டு."

காட்ட ஒன்று இருந்தது. இந்த அறைக்கு வரும்போதே அது அவள் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

"முதல் தடவை தம்பிக்கு நரம்பு கிடைக்கல. கொஞ்சூண்டு ரத்தம்தான் வந்துச்சு. நோட்டுல இருக்கும் பாருங்க" என்று பக்கத்தைப் புரட்டினாள். எல்லோருடைய டி.என்.ஏ.வையும் நாற்பது என்ற அளவுக்கு நீர்க்கச் செய்து வைப்பது வழக்கம். தம்பிக்குக் கிடைத்ததே ஐந்து. ஐந்தை நாற்பதாக்க வழியில்லை. கிடைத்ததை அப்படியே ஊற்றியிருந்தாள்.

மெஷினுக்குள் நடப்பது எளிமையான காரியம். டி.என்.ஏ. என்பது முறுக்கிய ஏணி. சூடாக்கினால் நடுவில் பிளந்து இரண்டு பாதியாகும். ஆறவைத்தால் ஒவ்வொரு பாதியும் தனக்கு ஏற்ற எழுத்துகளைக் கோத்து மறுபாதியைக் கட்டிக்கொள்ளும். ஒன்று இரண்டாகிவிட்டது. மறுபடி சூடு, இரண்டு நாலாகும். ஒவ்வொரு சுற்றுக்கும் இரட்டிப்பு. பெருகப் பெருகக் குழாய் ஒளிரும், திரையில் ஒரு கோடு மேலே ஏறும். குறைவாக ஆரம்பித்த குழாய் தாமதமாக ஏறும்.

"ஐந்து பத்தாகணும், பத்து இருபதாகணும், இருபது நாற்பதாகணும்" என்றாள். "மூணு சுற்று. தம்பியோட கோடு மத்த கோட்டுக்கு மூணு சுற்று பின்னால ஏறியிருக்கணும். கோடு ஏறுச்சா இல்லையான்னு பாத்தோமே தவிர, எப்ப ஏறுச்சுன்னு யாரும் பாக்கல. அந்தக் கோப்பைத் திறங்க."

மேடம் திறந்தார். திரையில் ஓரத்துத் தண்ணீர் இரண்டும் தரையோடு கிடந்தன. மற்றவை ஒன்றாகச் சேர்ந்து ஏறின. ஒரே ஒரு கோடு மட்டும் தனியாக, தாமதமாக ஏறியது. மேடம் அதன் மேல் சுட்டியைக் கொண்டுபோனார்.

நான்காம் குழி. அண்ணன் என்றது திரை. இருபத்தேழாம் சுற்று. ஐந்தாம் குழி, தம்பி, இருபத்து நான்கு.

 பிறகு மேடம் போனை எடுத்தார். மணி ஒன்று ஐம்பது.

வார்டில் யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டார். மூன்றாவது தடவை ஒரு நர்ஸ் எடுத்தார். மேடம் ஒரு வாக்கியம்தான் கேட்டார், அதற்கு வந்த பதிலில் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"மருந்து சீக்கிரமே கலந்து வந்துடுச்சாம். டாக்டர் உள்ள போயிட்டாராம். அந்த நர்ஸ் வாசல்ல நிக்கிறவங்க, உள்ள போக மாட்டாங்க. உள்ள இருக்கிற போனுக்கு நம்பர் வேற." மேடம் அவளைப் பார்த்தார். "நான் அந்த நம்பரைப் பிடிக்கிறேன். நீ ஓடு."

லிஃப்ட் மூன்றாவது மாடியில் நின்றுகொண்டிருந்தது. அவள் படியில் ஏறினாள். பிரசவத்துக்குப் பிறகு இதுதான் முதல் ஓட்டம். நாலாவது மாடியில் விலா பிடித்துக்கொண்டது, கையால் அழுத்திக்கொண்டே ஏறினாள்.

ஐந்தாவது மாடியில் கிருமி புகாத அறைக்கு முன்னால் கண்ணாடித் தடுப்பு. வெளியே பெஞ்சில் இரண்டு ஆண்கள். பெரிய உருவம் பஸ் ஓட்டுகிற அண்ணன். அடுத்தவர் அச்சகத்தில் காகிதம் வெட்டுகிற தம்பி.

"மூணு வாரமா பீடியைக் கண்ணால பாக்கல" என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார். "என் மஜ்ஜை போனா இவ பஸ்ஸே ஓட்டுவா பாரு."

"ஓட்டட்டும். ஆனா உன்னை மாதிரி ஸ்டாப்பைத் தாண்டி நிறுத்தாம இருந்தா சரி" என்றார் தம்பி.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டாக்டரும் இன்னொரு நர்ஸும் பையைப் பிடித்துக்கொண்டு அதில் ஒட்டிய எண்ணை வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டிலில் டீச்சர் மொட்டைத் தலையோடு சாய்ந்திருந்தார். பை கம்பியில் தொங்கியது. உள்ளே ஏதோ ஒரு போன் அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் திரும்பவில்லை.

கண்ணாடியைத் தட்டாதீர்கள் என்று எழுதியிருந்த இடத்திலேயே அவள் உள்ளங்கையால் ஓங்கித் தட்டினாள்.

டாக்டர் திரும்பினார். அவள் இரண்டு கையையும் தூக்கி, வேண்டாம் என்று ஆட்டினாள். அவர் முறைத்தார். நர்ஸின் கை குழாயின் திருகில் இருந்தது. "திறக்காதீங்க" என்று அவள் சொன்னது உள்ளே கேட்காது. மறுபடி தட்டினாள். டாக்டர் நர்ஸிடம் ஏதோ சொன்னார். கை திருகை விட்டு இறங்கியது.

அவர் முகமூடியை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தார். "யாரும்மா நீ? இது என்ன காய்கறிக் கடையா?"

"ஆய்வகம் சார். டீச்சர் ரிப்போர்ட்ல அண்ணனும் தம்பியும் மாறியிருக்காங்க. மருந்து ஏத்தாதீங்க."

"ரிப்போர்ட் ரெண்டு இருக்கு. ரெண்டுலயும் உங்க மேடம் கையெழுத்து இருக்கு."

"கையெழுத்து அவங்களோடது. நிரப்புனது நான். தப்பு குழாய்ல நடந்திருக்கு." மூச்சு வாங்க, கதவையும் திருப்பியதையும் மூன்று சுற்றுத் தாமதத்தையும் சொன்னாள். பெஞ்சில் இருந்த இருவரும் எழுந்து பக்கத்தில் வந்து நின்றுவிட்டார்கள்.

டாக்டர் கடைசி வரை குறுக்கே பேசாமல் கேட்டார். "பாதிப் பொருத்தம்னா ஏற்பாடே வேற" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு, "நிச்சயமாச் சொல்ல எவ்வளவு நேரம் வேணும்?"

"அண்ணனும் தம்பியும் வேறுபடுற ஒரே ஒரு எழுத்தை மட்டும் பாக்குறேன். ஒண்ணே முக்கால் மணி நேரம். ரெண்டாவது தடவை எடுத்த டி.என்.ஏ. ஃபிரிட்ஜ்ல மிச்சம் இருக்கு."

"கலந்த மருந்து அஞ்சு மணி வரைக்கும்தான் தாங்கும். அதுக்குள்ள சொல்லலைன்னா தூக்கி எறிஞ்சுட்டு நாளைக்குப் புதுசா ஆரம்பிக்கணும். போ."

அவள் இறங்கும்போது அண்ணனின் குரல் பின்னால் கேட்டது. "அப்போ நான் இல்லையா?"

இந்த முறை அவள் பட்டையின் ஒரு ஓரத்தில் மட்டும் தண்ணீர் ஊற்றினாள். அடுத்து தெரிந்த மாதிரி, டீச்சர், அண்ணன், தம்பி. மற்ற மூன்று குழாய்களைக் கத்தரியால் வெட்டியே எடுத்துவிட்டாள். எப்படித் திருப்பினாலும் தண்ணீர் இருக்கும் ஓரம் காட்டிக்கொடுத்துவிடும். மேடம் பின்னால் நின்று ஒவ்வொரு குழாயையும் நிரப்பும்போது வாய்விட்டுப் படித்தார். இரண்டு தடவை அல்ல, ஒரே தடவை.

"எப்படி வைக்கட்டும் அக்கா?" என்றான் ஜன்னல். குரலில் கிண்டல் போயிருந்தது.

"எப்படி வேணாலும் வை. எப்படி வெச்சேன்னு மட்டும் எழுது."

இரண்டே கால் மணிக்கு மெஷின் ஓட ஆரம்பித்தது. மேடம் தனியாகப் போய் உட்காரவில்லை. நின்றபடியே மற்ற பட்டைகளின் பழைய பட்டியலை எடுத்து, யார் எதை நிரப்பியது என்று ஒவ்வொன்றாகப் பேனாவால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார். நொட்டாங்கை என்று எங்கும் வரவில்லை, இரண்டே இடத்தைத் தவிர.

"அந்த முறையை நான்தான் போட்டேன்" என்றார் நடுவில் ஒருமுறை. அவளுக்குச் சொல்வதற்குத் தன் பங்கே நிறைய இருந்தது.

நாலுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கோடுகள் ஏறின. தண்ணீர் ஓரத்தில் இருந்து எண்ணினார்கள். அவள் எண்ணினாள், மேடம் எண்ணினார், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜன்னலும் எண்ணினான். டீச்சர் குழாயில் ஒளிர்ந்த நிறமே தம்பியின் குழாயிலும் ஒளிர்ந்தது. அண்ணனின் குழாயில் பாதி வேறு நிறம்.

டாக்டரிடம் மேடமே போனில் சொன்னார். அந்தப் பை கம்பியில் இருந்து இறக்கப்பட்டது.

டீச்சரிடம் சொல்ல அவள்தான் போனாள். யாரும் போகச் சொல்லவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று, ஸ்பீக்கர் போனில், ஒளிக்காமல் சொன்னாள். டீச்சர் கணக்கு வாத்தியார் என்பதால் எட்டு வட்டம் போட்ட தாளையும் கண்ணாடியில் வைத்துக் காட்டினாள். டீச்சர் அதை வெகுநேரம் பார்த்தார்.

"இன்னிக்கு அந்த மெஷின்காரர் திருப்புறதை நீங்க பாக்கலைன்னா?"

"இந்நேரம் மருந்து உள்ள போயிருக்கும்."

"அப்புறம்?"

"அண்ணனோட மஜ்ஜை வந்திருக்கும். நீங்க பிழைச்சிருக்க மாட்டீங்கன்னு சொல்ல முடியாது. பிழைச்சிருப்பீங்கன்னும் சொல்ல முடியாது."

டீச்சர் தாளிலிருந்து கண்ணை எடுத்தார். "ரெண்டு தடவை பாத்தோம், ரெண்டு தடவை பாத்தோம்னு எவ்வளவு தைரியமாச் சொன்னீங்க. நான் நம்பிப் படுத்திருந்தேன்."

"ஆமா" என்றாள் அவள். தாளைக் கண்ணாடியிலிருந்து இறக்கினாள்.

அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இவளுக்கு நான்தான்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன்" என்றார் யாரிடமும் இல்லாமல்.

"நீ ஊரெல்லாம் சொன்னதால எனக்கு யாரும் பீடியை நிறுத்துன்னு சொல்லல" என்றார் தம்பி. பாக்கெட்டில் இருந்த பீடிக் கட்டை எடுத்து அண்ணன் கையில் வைத்தார். அண்ணன் அதைக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

டீச்சர் மறுபடி போனை எடுத்தார். குரல் இப்போது வகுப்பறைக் குரலாக இருந்தது. "இப்ப பாத்தது பழைய ரத்தம்தானே? புதுசா எடுங்க. இங்க, என் கண் முன்னால. பேரையும் நம்பரையும் நான் பாக்கணும். நிரப்புறது வேற ஆள், வைக்கிறது வேற ஆள். அதுவும் இதையே சொன்னாத்தான் எனக்கு மருந்து. அது வரைக்கும் ஒரு சொட்டு ஏத்த விடமாட்டேன்."

டாக்டர் அவளைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள்.

நாற்காலியைக் கண்ணாடியை ஒட்டிப் போட்டார்கள். தம்பி சட்டைக் கையைச் சுருட்டினார். அவள் இரண்டு கையிலும் தடவித் தடவி நரம்பைத் தேடினாள், கடைசியில் மணிக்கட்டுக்கு மேலே ஒன்று அகப்பட்டது. ஊசியை இறக்குவதற்கு முன், வெறும் குழாயில் ஒட்டிய சீட்டைக் கண்ணாடிக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். டீச்சர் கட்டிலை விட்டு இறங்கி, மருந்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிட்டத்தில் வந்து, எண்ணை ஒவ்வோர் இலக்கமாகப் படித்தார். தம்பியின் மணிக்கட்டில் கட்டிய அடையாளப் பட்டையையும் காட்டச் சொல்லி அதையும் படித்தார்.

"சரியா இருக்கு" என்றார். "இப்ப எடுங்க."